தோட்டத்து ரோட்டில் கிராவல் சைக்கிள்: எங்கே கோளாறு, எப்படிச் சரிசெய்வது

கிராவல் சைக்கிள் என்றால் கல்லும் மண்ணுமான ரோட்டிலும் ஓடத் தடித்த டயர் போட்ட சைக்கிள். இலங்கை மலையகத்தில் சைக்கிள் கடை குறைவு. இந்த ஏற்ற இறக்கத்தில் சைக்கிள் வைத்திருப்பவர்களே குறைவு என்பதால் அதில் ஆச்சரியம் இல்லை. ஹட்டன், பண்டாரவளை, பதுளை மாதிரி டவுனில் டியூப் தேடிப் பிடிக்கலாம். டிஸ்க் பிரேக்கின் தகட்டைக் கவ்விப் பிடிக்கும் பேட் கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. டயகமவுக்கு மேலேயோ உடவேரியாத் தோட்டத்திலோ சைக்கிள் நின்றுவிட்டால், கையில் இருப்பதை வைத்து அங்கேயே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். கோளாறு ஏறும்போது தொடங்கியதா, இறங்கும்போதா? அந்த நேரம் சக்கரத்துக்குக் கீழே என்ன இருந்தது? நம்ம பக்கத்தில் ஒரே காலையில் பெயர்ந்த தார், கருங்கல் பாவிய பழைய ரோடு, லொறிச் சக்கரத்துக்கு மட்டும் போட்ட இரட்டைக் கொங்கிரீட் பட்டி, செம்மண் சேறு எல்லாம் வந்துவிடும். ஒவ்வொன்றும் சைக்கிளில் ஒவ்வொரு இடத்தைப் பதம் பார்க்கும். அந்த இரண்டு பதிலும் இருந்தால் தேடும் இடம் பாதியாகக் குறையும். பாகத்தை மாற்றுவது கடைசி வேலை. பார்ப்பதும் துடைப்பதும் முறுக்குவதும் முதல் வேலை.

இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை

இதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். கியர் போனால் தள்ளிக்கொண்டு போகலாம், பிரேக் போனால் அப்படி இல்லை.

கோபெட்ஸ் கெப்பிலிருந்து மீமுரேக்கு இறங்கும் பாதையையோ, ஓஹியாவிலிருந்து உடவேரியா வழியாகக் களுபஹனைக்கு இறங்கும் டெவில்ஸ் ஸ்டெயர்கேஸையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆளும் சைக்கிளும் பையுமாக 85 கிலோ என்று வைப்போம். 800 மீற்றர் உயரம் இறங்கினால் வெளியேற வேண்டிய சக்தி, இரண்டு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். வேகமாகப் போகும் தார் ரோட்டில் காற்று அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். கல்லுப் பாதையில் மெதுவாக இறங்குகிறோம், ஆகவே பெரும்பங்கு இரண்டு சின்ன பிரேக் தகடுகளில்தான் போய்ச் சேரும்.

பிடி குறைகிறது என்று தோன்றிய உடனேயே, மலைப் பக்கமாக ஒதுங்கி நிறுத்துங்கள். அந்தப் பக்கம் கான் இருக்கும், சக்கரம் அதற்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நின்ற பிறகு லீவரை அமுக்கிப் பாருங்கள். என்ன கோளாறு என்பதை விரலே சொல்லிவிடும்.

லீவர் கொழகொழவென்று அமுங்கி ஹேண்டில் வரை வருகிறதா? எண்ணெய் அழுத்தத்தில் வேலைசெய்யும் பிரேக் என்றால் அந்த எண்ணெய் சூடேறி உள்ளே ஆவி உண்டாகியிருக்கிறது. கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஆற விடுங்கள். சுட்ட தகட்டில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், தகடு கோணிவிடும். ஆறியதும் லீவர் பழையபடி இறுகினால் மெதுவாகத் தொடரலாம். ஆனால் வீட்டுக்குப் போனதும் எண்ணெயை மாற்றியே ஆக வேண்டும். டொட் (DOT) வகை பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேரச் சேர அது சீக்கிரம் கொதிக்கும். மினரல் எண்ணெய் போடும் பிரேக்கில் டொட் எண்ணெயையோ, டொட் பிரேக்கில் மினரல் எண்ணெயையோ ஊற்றினால் உள்ளேயிருக்கும் ரப்பர் கெட்டுப்போகும். ஆறிய பிறகும் லீவர் இறுகவில்லை என்றால் எங்கோ கசிகிறது. குழாய் பொருந்தும் இடத்தையும், பேட்டைத் தாங்கும் கெலிப்பரையும் விரலால் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு தட்டுப்பட்டால் அந்தப் பிரேக்கை மறந்துவிட்டு இறங்கித் தள்ளுங்கள்.

லீவர் இறுக்கமாகத்தான் இருக்கிறது, சைக்கிள் மட்டும் நிற்கவில்லை என்றால் பேட்டின் முகத்தைப் பாருங்கள். கண்ணாடிபோல் பளபளப்பாக இருந்தால் அதிகச் சூட்டில் மெருகேறிவிட்டது. கழற்றி, உப்புத்தாளிலோ சொரசொரப்பான கல்லிலோ மினுக்கம் போகும் வரை தேய்த்து மாட்டுங்கள். பிறகு சமமான இடத்தில் ஓரளவு வேகம் எடுத்து, நிற்கப்போகும் வரை பிடித்து, விட்டு, மறுபடி வேகம் எடுத்து இருபது தடவையாவது செய்தால் பிடி திரும்பும். செயினுக்கு விட்ட எண்ணெய் பேட்டில் பட்டிருந்தால் எவ்வளவு தேய்த்தாலும் நம்ப முடியாது. மாற்றத்தான் வேண்டும்.

லீவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் போய்க்கொண்டிருந்தால் பேட் தேய்கிறது. கம்பியால் இழுக்கும் டிஸ்க் பிரேக்கில் இது சீக்கிரமே தெரியும். கெலிப்பரிலுள்ள திருகால் பேட்டைத் தகட்டுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தால் சரியாகும். எண்ணெய் பிரேக் தேய்மானத்தைத் தானே ஈடுசெய்துகொள்ளும், அதனால் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். பேட்டில் உராயும் பகுதி அரை மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால் அதோடு இறக்கத்தில் இறங்காதீர்கள். மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மழையில் ஓடினால் சேறும் மணலும் கலந்த தண்ணீர் ரெசின் பேட்டை ஒரே நாளில் தின்றுவிடக்கூடும். அந்தப் பக்கத்துக்கு உலோகம் கலந்த பேட்தான் என் தெரிவு. சத்தம் போடும், ஈரத்தில் தாங்கும்.

“கர்ர்” என்று இரும்பும் இரும்பும் உரசும் சத்தம் வந்தால் பேட் முடிந்துவிட்டது. மாற்றுப் பேட் இல்லாத நிலையில், முன்னும் பின்னும் ஒரே வகை என்றால் இருப்பதில் நல்ல சோடியை முன்பக்கம் மாற்றுங்கள். இறக்கத்தில் பாரம் முன்னுக்குத்தான் வரும். பிறகு இறங்கித் தள்ளிக்கொண்டே தார் ரோட்டுக்குப் போய்விடுங்கள். மழை நின்றதும் தானாக அடங்கும் கீச்சுச் சத்தத்துக்கு மட்டும் கவலை வேண்டாம்.

மேலே சொன்ன சூட்டுக் கோளாறு எல்லாவற்றுக்கும் வழி ஒன்றுதான். பிரேக்கை நீளமாகத் தேய்த்துக்கொண்டே இறங்காமல், முடக்குக்கு முன்னால் இரண்டையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, அப்புறம் முழுதாக விட்டுவிட வேண்டும். விட்ட அந்தக் கொஞ்ச நேரம்தான் தகடு ஆறும் நேரம்.

டயரில் காற்று குறைந்திருக்கிறது

கொழும்பில் 32 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு, PSI) வைத்து, சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்து நானுஓயாவில் இறக்கியதும் டயர் மெத்தென்று இருந்தால், “மேலே குளிர், அதுதான் குறைந்துவிட்டது” என்று பலர் விட்டுவிடுவார்கள். அது முழுக் கதை இல்லை. குளிரில் டயருக்குள் அழுத்தம் இரண்டு பிஎஸ்ஐ போலக் குறையும், உண்மைதான். ஆனால் உயரம் கூடும்போது வெளிக்காற்றின் அழுத்தமும் குறைகிறது. அதனால் மானி அதே அளவுக்குக் கூட்டியும் காட்டும். இரண்டும் கழிந்து மேலேயும் ஏறக்குறைய 32தான் இருக்க வேண்டும். 27 காட்டினால் எங்கோ கசிகிறது, தேடுங்கள்.

வால்வு முதலில். எச்சில் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். டியூப் இல்லாத டயரில் வால்வுக்குள் சீலண்ட் (ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவம்) உறைந்து அடைப்பதும் சரியாக மூடாமல் விடுவதும் சாதாரணம். உள்ளேயிருக்கும் ஊசியைக் கழற்றித் துடைத்து மாட்டினால் போதும். அடுத்து சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். களக் களக் என்று கேட்காவிட்டால் சீலண்ட் காய்ந்துவிட்டது. நம்ம நாட்டு வெக்கையில் அது இரண்டு மூன்று மாதம்தான் நிற்கும். கீழ்நாட்டில் வைத்திருக்கும் சைக்கிள் என்றால், மலைக்கு ஏற்றுவதற்கு முன்பே புதிதாக ஊற்றிவிடுங்கள்.

டியூப் போட்ட டயரில் பஞ்சர் என்றால் ஓட்டையின் வடிவத்தைப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் கல்லில் இடித்து ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது. காற்று போதாமல் இறங்கியிருக்கிறீர்கள். ஒற்றை ஓட்டை என்றால் குத்தியது இன்னும் டயருக்குள் இருக்கலாம். உள்பக்கத்தை விரலால் சுற்றிலும் தடவி எடுத்துவிட்டுத்தான் புது டியூப் போட வேண்டும். மலையகத்து ரோட்டில் ஆணியைவிடக் கல்லுக்குத்தான் பயப்பட வேண்டும். இங்கே வெள்ளைப் படிகக் கல் நிறைய. உடைந்த விளிம்பு கத்திமாதிரி டயரின் பக்கச் சுவரை அறுத்துவிடும். சின்ன வெட்டுக்கு பிளக் (ஓட்டையில் செருகும் ரப்பர் திரி) குத்தினால் நிற்கும். பெரிய வெட்டுக்கு உள்பக்கம் பழைய டயர்த் துண்டோ நான்காய் மடித்த பிஸ்கட் பைக்கற்றோ வைத்து, டியூப் போட்டு, காற்றைக் கொஞ்சம் குறைவாக அடித்து டவுன் வரை மெதுவாகப் போகலாம்.

எவ்வளவு காற்று வைப்பது? 70 கிலோ ஆளுக்கு, 45 மில்லிமீற்றர் டியூப் இல்லாத டயர் என்றால் 26 முதல் 32 வரை. டியூப் என்றால் ஐந்து கூட்டுங்கள். கருங்கல் பாவிய ரோட்டில் 40க்குக் குறைந்த டயரை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இன்னொரு சின்ன விஷயம். சைக்கிள் கடைதான் இல்லையே தவிர, ஆட்டோ கராஜ் இல்லாத சந்தி குறைவு. அங்கே கொம்ப்ரஸர் இருக்கும். ஆனால் அதன் வாய் கார் வால்வுக்குத்தான் பொருந்தும். நம்ம சைக்கிளில் இருப்பது ஒல்லியான பிரெஸ்டா வால்வு. விரல் நுனி அளவில் பித்தளை அடாப்டர் ஒன்று விற்கிறார்கள். அதை ஒரு வால்விலேயே திருகி வைத்துக்கொண்டால் எந்தக் கராஜிலும் காற்று அடிக்கலாம். கராஜ் அண்ணனிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள்: “அண்ணே, முப்பதுக்கு மேல வேணாம்.” சொல்லாவிட்டால் ஆட்டோவுக்கு அடிக்கிற பழக்கத்தில் ஒரே அமுக்காக அமுக்கிவிடுவார்.

மிதிக்கும்போது செயின் துள்ளுகிறது

ஒரே ஒரு பல்சக்கரத்தில் மட்டும் துள்ளினால் அந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது. பாதையில் ஒன்றும் செய்ய முடியாது, அதைத் தவிர்த்து ஓட்டுங்கள். எல்லாவற்றிலும் துள்ளினால் கேபிளா, அல்லது டிரெயிலரை (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் பாகம், derailleur) ஃபிரேமோடு பிணைக்கும் ஹேங்கரா என்று பார்க்க வேண்டும்.

சமீபத்தில் வலது பக்கமாக விழுந்தீர்களா? பஸ்ஸில் படுக்க வைத்து வந்ததா? அப்படியானால் பின்னால் குந்தியிருந்து பாருங்கள். டிரெயிலரின் இரண்டு குட்டிச் சக்கரமும் மேலேயுள்ள பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். உள்ளே சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்துவிட்டது. அந்த நிலையில் ஏற்றத்துக்காகப் பெரிய பல்லுக்கு மாற்றினால் டிரெயிலர் கம்பிகளுக்குள் போய், சக்கரம், டிரெயிலர், சில வேளை ஃபிரேமும் சேர்ந்து போகும். பெரிய பல் இரண்டையும் தொடாமல் ஓட்டுங்கள், அல்லது ஹேங்கரை மாற்றுங்கள். உங்கள் சைக்கிளுக்கென்றே செய்த மாற்று ஹேங்கர் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். உள்ளங்கையில் அடங்கும் அந்தத் துண்டை இந்த மலையில் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

விழவே இல்லை, பெரிய பல்லுக்கு ஏறத்தான் தயங்குகிறது என்றால் கேபிள் தளர்ந்திருக்கிறது. டிரெயிலரில் கேபிள் நுழையும் இடத்திலுள்ள திருகை இடஞ்சுழியாகக் கால் சுற்று திருப்பி, மிதித்துப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு கால் சுற்று. சின்னப் பல்லுக்கு இறங்கத் தயங்கினால் எதிர்ப்பக்கம்.

சேறு அப்பியும் துள்ளும். கழுவினால் போதும். லயத்துப் பீலியில் குடிதண்ணீர் பிடிக்கும் சனங்கள் இருக்கிறார்கள், செயினை அங்கே கொண்டுபோக வேண்டாம். போத்தலில் தண்ணீர் பிடித்து, கீழே கான் பக்கம் தள்ளி நின்று கழுவுங்கள். காய்ந்ததும் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.

ஏற்றத்தில் பின்சக்கரம் சும்மா சுற்றுகிறது

எழுந்து நின்று மிதித்தால் சுற்றத்தான் செய்யும். சீட்டின் முன்நுனியில் உட்கார்ந்து, நெஞ்சைத் தாழ்த்தி, முழங்கையை மடக்கி மிதியுங்கள். பின்சக்கரத்தில் பாரமும் இருக்கும், முன்சக்கரமும் தூக்காது. அப்படியும் சுற்றினால் காற்றை மூன்று நான்கு பிஎஸ்ஐ குறைத்துப் பாருங்கள்.

பாதையின் எந்தக் கோட்டில் போகிறீர்கள் என்பதும் கணக்கு. பெயர்ந்த ரோட்டில் உதிரிக் கல் நடுவிலும் ஓரத்திலும் ஒதுங்கும், சக்கரத் தடம் இறுகியிருக்கும். கொங்கிரீட் பட்டி பிடிமானமாகத் தெரியும். ஆனால் சவுக்கு நிழலும் கருப்பந்தேயிலை மர நிழலும் விழும் இடத்தில் பாசி படர்ந்திருந்தால் ஈரத்தில் நிற்கவே முடியாது, பக்கத்து மண்ணுக்கு மாறிவிடுங்கள்.

கால் வலுப் போதாமல் நின்றுவிடுகிறீர்கள் என்றால் அது கியர் கணக்கு. தம்பேத்தன்னைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட்டுக்கு ஏழு கிலோமீற்றர் விடாத ஏற்றம். முன்பல் 40, பின்பல் பெரியது 34 என்றால் பை வைத்துக்கொண்டு அதை மிதிக்க முழங்கால்தான் விலை. முன்பல்லைவிடப் பின்பல் பெரிதாக இருக்கும்படி மாற்றிவிட்டு வாருங்கள்.

எங்கிருந்தோ கிறீச் என்று சத்தம்

எழுந்து நின்று மிதித்தால் நின்றுவிடுகிறதா? சீட்டோ சீட் தண்டோதான். நின்று மிதிக்கும்போதும் வந்தால் பெடல், கிராங்க். மிதிக்காமல் இறங்கும்போது மட்டும் வந்தால் ஹேண்டில் தண்டின் போல்ட்டுகள், அவற்றை உடனே பாருங்கள். மற்றவை வீடு வரை பொறுக்கும்.

கை மரத்துப்போகிறது, முழங்கால் நோகிறது

சின்ன விரலும் மோதிர விரலும் மரத்தால் உள்ளங்கை ஓரத்து நரம்பு அமுங்குகிறது. பிடியை அடிக்கடி மாற்றுங்கள், டயரில் காற்று கூடுதலா என்றும் பாருங்கள். முழங்காலின் முன்பக்கம் நொந்தால் சீட் பெரும்பாலும் தாழ்வாக இருக்கும், பின்பக்கம் என்றால் உயரமாக. ஒரு நேரத்தில் ஐந்து மில்லிமீற்றருக்கு மேல் மாற்றாதீர்கள்.

உடம்பு நடுங்குகிறது

வெயில் நாட்டிலிருந்து வருகிறவர்கள் இதைத்தான் குறைத்து மதிக்கிறார்கள். பட்டிப்பொலை ரயில் நிலையம் ஏறக்குறைய 1,900 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஏறும்போது வியர்வையில் நனைந்த சட்டை, மேலே மழை, அப்புறம் மிதிக்காமல் காற்றில் இறங்கும் அரை மணி நேரம், இது போதும். முதல் அறிகுறி நடுக்கம்கூட இல்லை, விரல் விறைத்து பிரேக் லீவரை நிதானமாக அமுக்க முடியாமல் போவதுதான். அந்த நொடியில் இறங்கி நில்லுங்கள். உள்சட்டையை மாற்றுங்கள், காகிதமானாலும் நெஞ்சுக்குக் கொடுங்கள். பக்கத்து லயத்தில் கேட்டால் சீனி போட்ட பிளேன்டீ தராமல் யாரும் அனுப்பமாட்டார்கள். பேச்சுக் குழறினாலோ, நடுங்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று அடங்கி மந்தமானாலோ ஓட்ட விடக்கூடாது. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

மாதத்தைப் பார்த்து மலையைத் தெரிவுசெய்தால் இது பாதி தீரும். மே முதல் செப்ரெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மழை, அப்போது ஊவா காய்ந்திருக்கும். ஆனால் அப்புத்தளையில் காற்று ஆளைத் தள்ளும். ஒக்டோபர் பின்பாதியிலிருந்து ஜனவரி வரை பதுளைப் பக்கம் நனையும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை மேற்குச் சரிவு நல்லது. அட்டைக்கு மட்டும் எல்லா ஈரமும் ஒன்றுதான். சவர்க்காரம் தடவிய காலுறை உதவும், கடித்த இடத்தைக் கழுவி அழுத்திப் பிடித்தால் போதும்.

வரைபடத்தில் ரோடு இருக்கிறது, தரையில் படிக்கட்டு இருக்கிறது

போனில் தெரியும் கோடு லொறி ரோடாகவும் இருக்கலாம், கொழுந்து எடுப்பவர்கள் ஏறும் படிக்கட்டாகவும் இருக்கலாம். பீக்கோ டிரெயில் என்று கண்டியிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டமாக, 300 கிலோமீற்றருக்கு மேல் குறித்திருக்கிறார்கள். நல்ல வழிதான், ஆனால் நடப்பவர்களை நினைத்துக் குறித்தது. சில துண்டுகளில் சைக்கிளைத் தோளில் சுமக்க வேண்டிவரும்.

“இந்த ரோடு போகுமா?” என்று கேட்டால் எல்லோரும் “போகும்” என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் நடந்தால் போகும். “லொறி போகுமா? மோட்டார் சைக்கிள் போகுமா?” என்று கேளுங்கள். “மோட்டார் சைக்கிள் போகும் தம்பி, பாலத்துல மட்டும் எறங்கித் தள்ளணும்” என்று பதில் வந்தால் கிராவல் சைக்கிளுக்கு அது நல்ல வழி. தூரத்தைக் கட்டைக் கணக்கில், அதாவது மைலில், சொன்னால் கிலோமீற்றருக்கு 1.6ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். தோட்டத்துக் கேட்டில் காவல்காரரிடம் சொல்லிவிட்டு நுழையுங்கள். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் மடுவத்தைச் சுற்றி அக்காமார் தலையில் மூட்டையோடு வருவார்கள். முடக்குக்கு முன்பே மணியடித்து, இறங்கி, அவர்களுக்கு வழி விடுங்கள்.

ரோட்டில் புதுசாக வெடிப்பு

ரோட்டுக்குக் குறுக்கே பிறை வடிவத்தில் புது வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம் அல்லது போஸ்ட், நேற்று வரை தெளிவாக வந்த ஊற்றில் திடீரென்று கலங்கல். இதில் ஒன்றைக் கண்டாலும் ஓட்டம் அத்தோடு சரி. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயங்களை மண் மூடியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல சரிவுகளை அறுத்துக்கொண்டு போனது. பழைய வரைபடத்தையும் பழைய ஜிபிஎஸ் தடத்தையும் நம்பி இறங்க வேண்டாம். புறப்படும் காலையில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். நீங்கள் போகும் பிரதேச செயலகப் பிரிவு சிவப்பில் இருந்தால் அங்கே போகவே வேண்டாம். மஞ்சளாக இருந்தாலும் மழை தொடர்ந்து பெய்கிறது என்றால் சரிவான தோட்டப் பாதைகளை விட்டுவிடுங்கள்.

வெடிப்பைக் கண்ட இடத்தைப் போனில் குறித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி, முதலில் வரும் லயத்தில் சொல்லுங்கள். 117 என்ற இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் சொல்லலாம். அந்தப் பாதையில்தான் மாலையில் பிள்ளைகள் பள்ளி விட்டு நடந்து வருவார்கள்.